உவர்மலைக்கு ஒரு ரோட்ஸ்டர்: 1.5 ஆ, 2.0 ஆ?

கப்பலில் பொறியியலாளராக இருக்கும் ஒருவர், வீடு திருகோணமலை உவர்மலையில், யப்பானிலிருந்து கூரை திறக்கும் இரண்டு இருக்கை மஸ்டா ரோட்ஸ்டர் ஒன்றை இறக்குவதென்று 2025 இல் முடிவெடுத்தார். வெளிநாடுகளில் எம்எக்ஸ்-5 என்ற பெயரில் ஓடுவதும் இதே கார்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதிக்கு விழுந்த பூட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அத்தனை வருடமும் கடலுக்குப் போய்வந்து காசு சேர்த்தவர். எந்தக் கார் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. 1.5 லீற்றர் எஞ்சினோடு வரும் துணிக்கூரைக் காரா, 2.0 லீற்றர் எஞ்சினோடு வரும் ஆர்எஃப் என்ற வன்கூரைக் காரா என்பதில்தான் இழுபறி.

வாகனம் பார்த்துக் கருத்துச் சொல்வது எனக்குத் தொழில் இல்லை. ஆனால் ஊரில் நாலு பேர் கேட்கிறார்கள், சொல்கிறேன். அவரும் கேட்டார்.

“அண்ணா, காசு ஒரு பக்கம் இருக்கட்டும். நடுக்கடலில நிக்கேக்க, பெரிசை எடுத்திருக்கலாமே எண்டு நினைப்பு வரக்கூடாது. அதுக்கு ஏற்ற மாதிரிச் சொல்லுங்கோ.”

“அப்ப ரெண்டையும் ஓடிப் பாப்பம் தம்பி. பாத்திட்டுக் கதைப்பம்.”

அவர் கொண்டுவந்த நிபந்தனைகள் சிறியவை. கியர் கையால் மாற்றுவதாக இருக்க வேண்டும். பெரும்பாலும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மாலை ஓட்டம். எப்போதாவது கொழும்பு. கப்பலுக்குப் போனால் மாதக்கணக்கில் கார் வீட்டில் சும்மா நிற்கும். இந்தக் கடைசி நிபந்தனையை அவர் போகிற போக்கில்தான் சொன்னார். முடிவில் அதுதான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது.

காகிதத்தில் உள்ளது

இப்போதைய தலைமுறை 2015 இல் வந்தது. யப்பானியத் துணிக்கூரைக் காரில் 1496 சிசி எஞ்சின். முதலில் நிமிடத்துக்கு 7000 சுற்றில் 131 குதிரைவலு, 4800 சுற்றில் 150 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை, அதாவது எஞ்சின் சுழற்றி இழுக்கும் விசை. 2023 ஒக்டோபரில் அறிவித்த மாற்றத்தோடு வலு 136 ஆனது. ஆர்எஃப் 2016 இறுதியில் விற்பனைக்கு வந்தது, 1997 சிசி. முதலில் 158 குதிரைவலு. 2018 இல் எஞ்சினின் உள்ளுறுப்புகளை இலகுவாக்கி, உச்சச் சுற்றை 6800 இலிருந்து 7500 க்கு உயர்த்தி, வலுவை 184 க்குக் கொண்டுபோனார்கள். முறுக்குவிசை 4000 சுற்றில் 205. துணிக்கூரைக் காரின் எடை ஏறக்குறைய 1010 கிலோ, ஆர்எஃப் 1100 கிலோ. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீற்றர் வேகத்தைத் தொட, ஐரோப்பியக் கணக்கில் 1.5 க்கு 8.3 செக்கன், 184 குதிரைவலு ஆர்எஃபுக்கு 6.8 செக்கன்.

பட்டியலை மட்டும் பார்த்தால் கேள்வியே இல்லை. ஒன்றரைச் செக்கன் என்பது பந்தயத்தில் பெரிய இடைவெளி. அவரும் அந்த இலக்கத்தைத்தான் கைப்பேசியில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

நான் முதலில் சொன்னது வேறு. யப்பானில் இவை இரண்டும் ஒரே காரின் சிறிய எஞ்சினும் பெரிய எஞ்சினும் அல்ல. எஞ்சின் பெரிதானால் கூரையும் மாறுகிறது, எடை கூடுகிறது, டயர் 195/50ஆர்16 இலிருந்து 205/45ஆர்17 க்குப் போகிறது, முன் பிரேக் தட்டு 258 மில்லிமீற்றரிலிருந்து 280 ஆகிறது. எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி நீட்டுகிறார்கள். ஐரோப்பாவில் வன்கூரையோடு 1.5 எஞ்சினும் விற்றார்கள், துணிக்கூரையோடு 2.0 உம் விற்றார்கள். ஆனால் மூன்று வயதைத் தாண்டிய காரை இங்கே இறக்க முடியாது. அந்த வயதுக்குள் பிரித்தானியாவில் தேடியதில் ஏற்ற ஒன்று அகப்படவில்லை. அகப்பட்டிருந்தாலும் குளிர்காலத்தில் வீதிக்கு உப்புத் தூவும் நாட்டுக் காரை, அடிப்பக்கம் பார்க்காமல் கடலோர ஊருக்குக் கொண்டுவர நான் உடன்பட்டிருக்க மாட்டேன். ஆகவே யப்பான் கட்டைத்தான் அவிழ்த்துப் பார்க்க வேண்டியிருந்தது: எஞ்சினை எஞ்சினாக, கூரையைக் கூரையாக.

வீதியில் கண்டது

இந்தக் கார்களை வைத்திருக்கும் இருவர் கொழும்பிலிருந்து விடுமுறைக்கு நிலாவெளிக்கு வந்திருந்தார்கள். ஒருவரிடம் 1.5, மற்றவரிடம் 184 குதிரைவலு ஆர்எஃப். தடைக்கு முன்னர் இறங்கியவை என்றாலும் எஞ்சின் அதே எஞ்சின்தான். பெருந்தன்மையான மனிதர்கள், சாவியைத் தந்தார்கள்.

முதல் ஓட்டம் உப்புவெளியிலிருந்து வடக்கே: அலஸ்தோட்டம், சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டிப் பாலம், கும்புறுப்பிட்டி, குச்சவெளி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. வீதி நல்ல வீதி. ஆனால் மாலையில் மாடுகளும் அதே வீதிக்குத்தான் வரும். சைக்கிள், ஓட்டோ, பாடசாலை விட்டுப் போகும் பிள்ளைகள். ஊர்மனைக்குள் சட்ட வேகம் 50, வெளியே 70. அதிவேகப் பாதையில் 100 போகலாம், ஆனால் திருகோணமலைக்கு அதிவேகப் பாதை இல்லை.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். இந்தக் காரின் ஆறு கியர்ப் பெட்டியில் இரண்டாம் கியர் விகிதம் 2.991, மூன்றாவது 2.035, கடைசி விகிதம் 2.866. 16 அங்குல டயரோடு பெருக்கிப் பார்த்தால், மணிக்கு 70 இல் இரண்டாம் கியரில் எஞ்சின் ஏறக்குறைய 5300 சுற்றில் நிற்கிறது. மூன்றாவதில் 3600. ஆறாவதில் 1800 கூட இல்லை. இரண்டாம் கியரை 7500 வரை இழுத்தால் கார் 100 க்கு அருகில் போய்விடும். அதாவது 1.5 எஞ்சினின் முழு 131 குதிரைவலுவையும் குச்சவெளி வீதியில் சட்டத்துக்குள் நின்று எடுக்கும் ஒரே இடம் முதலாம் கியர். ஆர்எஃபின் 184 க்கும் அதே கணக்குத்தான், 17 அங்குல டயரால் மயிரிழை வித்தியாசம். சின்ன எஞ்சினிலேயே எடுக்க முடியாத மிச்சம் கிடக்கும்போது, பெரியதில் கூடுதலாகக் கிடைப்பதும் அந்த மிச்சத்தோடுதான் போய்ச் சேரும்.

இது வரவுசெலவுக் கணக்குப்போலக் கேட்கலாம். ஓட்டும்போது கைக்கும் காலுக்கும் தெரிவது வேறு. 1.5 இல் வேலை இருக்கிறது. சாம்பல்தீவைத் தாண்டிய வளைவுகளில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கி, சுற்றை ஏற்றி, அந்தச் சத்தத்தோடு வெளியே வரும்போது வேகமானி 60 ஐத்தான் காட்டும். ஓட்டியவர் முகத்தைப் பார்த்தால் 120 போனவர் முகம். ஆர்எஃபில் அதே வளைவை மூன்றாம் கியரிலேயே எடுக்கலாம், எஞ்சின் முனகாமல் இழுக்கும். சுகம். ஆனால் கியர்க் கம்பியைத் தொடவேண்டிய தேவை குறைந்துவிடுகிறது. கையால் கியர் மாற்றும் காரைத்தான் எடுப்பேன் என்று நின்றவருக்கு இது யோசிக்க வேண்டிய விடயம்.

எடை இன்னொன்று. 90 கிலோ வித்தியாசத்தில் ஒரு பகுதி எஞ்சினில், பெரும்பகுதி கூரையிலும் அதன் மோட்டார்களிலும். ஸ்டியரிங்கைத் திருப்பிய கணத்தில் 1.5 இன் மூக்கு உடனே வருகிறது. ஆர்எஃபும் வருகிறது, அரைக் கணம் யோசித்துவிட்டு வருகிறது. ஒன்றிலிருந்து இறங்கி உடனே மற்றதில் ஏறியதால்தான் இதைப் பிடிக்க முடிந்தது. தனித்தனி நாளில் ஓடியிருந்தால் தெரிந்திருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது ஓட்டத்தில் ஆர்எஃப் தன் பக்கத்தைப் பேசியது. ஏ6 வீதி, தம்பலகாமம் தாண்டி, கந்தளாய், அக்போபுர, ஹபரணைப் பக்கம். நாற்பதில் உருளும் லொறி, அதன் பின்னால் பஸ், அதன் பின்னால் நாங்கள். இரண்டு பேர், குளிரூட்டி முழுவேகத்தில், வெளியே கச்சான் காற்றின் அனல். குளிரூட்டிக் கம்பிரசர் எஞ்சினிடமிருந்து எடுக்கும் வலு இரண்டு காரிலும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆகவே சின்ன எஞ்சினுக்கு அது கூடுதலாகச் சுடும். நாலாம் கியரில் அப்படியே மிதித்தால் ஆர்எஃப் எழும்பிப் போகிறது. 1.5 மிதித்ததைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளாது. இரண்டுக்கு இறக்க வேண்டும். 45 இல் இரண்டாம் கியர் ஏறக்குறைய 3400 சுற்று, அங்கிருந்து 5300 க்குப் போகும் வழியில்தான் 4800 என்ற அதன் உச்ச முறுக்குவிசை கிடக்கிறது. சரியாக இறக்கினால் 70 க்குள்ளேயே லொறியைக் கடந்துவிடலாம். சோம்பலாக மூன்றில் விட்டால் எதிரே வரும் வானைப் பார்த்து மறுபடி உள்ளே வர வேண்டியதுதான். நாங்கள் இரண்டையும் செய்தோம்.

மாதத்துக்கு நாலு தடவை கொழும்பு போகிறவர் என்றால் இந்த இடத்திலேயே நான் ஆர்எஃப் என்று சொல்லியிருப்பேன். ஐந்தாறு மணித்தியாலம் லொறிக்குப் பின்னால் கியர் இறக்கி ஏற்றிக்கொண்டிருப்பது விளையாட்டல்ல, களைப்பு. இவர் போவது எப்போதாவது. இரவில் போகவும் மாட்டார், ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் யானை குறுக்கே நிற்கும் வீதி அது. தரையோடு ஒட்டிய காரில் யானையைச் சந்திக்க எந்த எஞ்சினும் உதவாது.

எரிபொருளும் வரியும்

எரிபொருளில் பிரிக்க ஒன்றுமில்லை. இரண்டு எஞ்சினுக்கும் அமுக்க விகிதம் 13, இரண்டையும் யப்பானில் உயர் ஒக்டேன் பெற்றோலுக்கே எழுதியிருக்கிறார்கள். இங்கே ஒக்டேன் 95 பெற்றோல் அடிக்க வேண்டும், 92 க்கு இறங்கக் கூடாது. 95 எல்லா நிரப்பு நிலையத்திலும் எந்நேரமும் இருக்கும் என்று நம்பிப் புறப்படவும் கூடாது. சீனன்குடாவில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகளை மலைமலையாக வைத்துக்கொண்டு நாங்கள் இதைப் பேசுவது ஒரு தமாஷ். 1.5 இன் தாங்கி 40 லீற்றர், ஆர்எஃபினது 45. 2022 இல் கியூஆர் அட்டையோடு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று வரிசையில் நின்றவர்களுக்கு, இப்படி ஓர் இலக்கத்தைப் பார்த்தால் இன்னும் வயிற்றைக் கலக்கும்.

வரிதான் பெரிய பிரிப்பு. உற்பத்தி வரி சிசிக்கு இவ்வளவு என்று போடப்படுகிறது, எஞ்சின் பெரிதாகப் பெரிதாக அந்தச் சிசி ஒன்றுக்கான தொகையும் படிப்படியாக ஏறுகிறது. 1496 என்பது 1500 படிக்குச் சற்றுக் கீழே, 1997 என்பது 2000 படிக்குச் சற்றுக் கீழே. எஞ்சின் மூன்றில் ஒரு பங்கு பெரிது, உற்பத்தி வரியோ இரண்டு மடங்கையும் தாண்டிவிடுகிறது. அதன்மேல் 18 சதவீத வற் ஏறுகிறது. கொழும்பு இறக்குமதிக்காரர் அனுப்பிய இரண்டு விலைக்கூற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, யப்பானில் இரண்டு காருக்கும் இருக்கும் விலை வித்தியாசம் அந்த வரி வித்தியாசத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. அரசுக்குக் கட்டும் காசு காரோடு வருவதில்லை. பிறகு விற்கும்போதும் திருகோணமலையில் இரண்டு இருக்கைக் கார் தேடுபவர்கள் கைவிரலுக்குள், அதில் 2.0 தான் வேண்டும் என்பவர் இன்னும் குறைவு.

“அதெல்லாம் சரி அண்ணா, ஆனா நான் முதலே சொன்னனான், காசுக்காகச் சின்னதை எடுக்கமாட்டன்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மலிவு என்ற ஒரே காரணத்துக்காக வாங்கும் விளையாட்டுக் காரை ஒருவரும் நெடுநாள் வைத்திருப்பதில்லை.

கூரை

எஞ்சின் விடயத்தில் அவர் மெல்ல மெல்ல 1.5 பக்கம் சாய்ந்து வந்தார். தடை வேறு இடத்திலிருந்து வந்தது. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு அவருடைய மனைவி சொன்னார்: “எனக்கு எந்த எஞ்சின் எண்டாலும் ஒண்டுதான். இவர் கப்பலுக்குப் போனாப் பிறகு இதைப் பாக்கிறது நான். மாரி மழைக்கு ஒழுகாம இருக்கோணும், குரங்கு கிழிக்காம இருக்கோணும்.”

எங்கள் இருவரையும்விட அவர்தான் காரோடு அதிக நாள் இருக்கப் போகிறவர். அதனால் கூரையை முழுதாகப் பார்த்தோம்.

ஆர்எஃபின் கூரை மோட்டாரால் இயங்குவது. 13 செக்கனில் திறக்கும், மணிக்கு 10 கிலோமீற்றருக்குக் கீழே உருண்டுகொண்டிருக்கும்போதும் இயங்கும். வெயிலில் நிறுத்தினால் தலைக்கு மேலே திடமான கூரை. குரங்கு ஏறி உட்கார்ந்தால் கீறல் விழும், கிழியாது. காகம், பூனை, உதிரும் மாங்காய் எல்லாவற்றுக்கும் அதே பதில். இந்த ஊருக்கு இது சிறிய விடயமில்லை. ஆனால் பின்னால் இரு பக்கமும் எழும் அந்த அகன்ற தூண்கள் தோள்பக்கப் பார்வையை மறைக்கின்றன. பிரதான வீதியில் பின்னால் எடுக்கும்போது சைக்கிள்காரர் ஒருவர் அந்த மறைவுக்குள் காணாமல் போனதைக் கண்டோம். கூரையைத் திறந்தாலும் தலைக்குப் பின்னால் ஒரு சட்டம் நிற்கும், வானம் முழுதாகத் தெரியாது. மோட்டார், கம்பி, உணரி என்று பழுதாகக்கூடியவையும் கூட. அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த பாஸ் ஒருவர் திருகோணமலைக் கராஜ்களில் இருக்கிறாரா என்று விசாரித்ததில் எவரும் தைரியமாகக் கை உயர்த்தவில்லை.

துணிக்கூரை கையால் மடிப்பது. இருக்கையில் இருந்தபடியே ஒரு கொளுவியைக் கழற்றிப் பின்னால் தள்ளினால் முடிந்தது. மின்சாரம் ஒன்றும் இல்லை. மழை ஒழுகுவதைப் பற்றிச் சொன்னால், இந்தக் காரில் தண்ணீர் துணி வழியாக வருவது குறைவு. இருக்கைக்குப் பின்னால் இரு பக்கமும் வடிகால் துளைகள் இருக்கின்றன. இலையும் மணலும் அடைத்தால் தண்ணீர் போக வழியின்றி உள்ளே திரும்பும். உவர்மலை மர நிழலிலும் உப்புவெளி மணலிலும் நிற்கும் காருக்கு அது ஒரு மாரியில் நடக்கக்கூடியது. மாதம் ஒருமுறை அந்தத் துளைகளில் உள்ள வடிகட்டியைக் கழற்றிக் கழுவினால் போதும், கருவி தேவையில்லை. அவருடைய மனைவி செய்து காட்டச் சொன்னார். விருந்தாளியின் காரிலேயே செய்து காட்டினோம். ஒரு பிடி மணல் வந்தது. காரின் சொந்தக்காரருக்குக் கொஞ்சம் வெட்கம்.

மிஞ்சியது வெயிலும் குரங்கும். அதற்குத் தகரக் கொட்டகை ஒன்று போதும், மூன்று பக்கம் வலை அடித்து. காற்று உள்ளே போய்வர வேண்டும், இல்லாவிட்டால் மாரியில் மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும் கார் பூஞ்சணம் பிடிக்கும். பற்றரிக்கு ஒரு சிறு சார்ஜர் செருகி வைக்க வீட்டிலிருந்து மின்னிணைப்பு. இரண்டு காரில் எதை எடுத்தாலும் இந்தக் கொட்டகை வேண்டித்தான் இருக்கும். கடற்காற்று உப்பு வன்கூரைக்காரனைப் பார்த்து ஒதுங்கிப் போவதில்லை. பிரேக் தட்டு இரண்டிலும் ஒரே வேகத்தில்தான் துருப்பிடிக்கும். கொட்டகை எப்படியும் வருமென்றானதும், ஆர்எஃபின் கூரைக்கு இருந்த சாதகத்தில் பெரும்பகுதி அதற்குள் கரைந்துபோனது.

எடுத்த முடிவு

1.5, ஆறு கியர், எஸ் ஸ்பெஷல் பேக்கேஜ் என்ற வகை. ஆகக் கீழ்ப்படியான எஸ் வேண்டாம் என்றேன். அது 990 கிலோ, கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் பின்சில்லு இரண்டும் ஒன்றையொன்று விட்டுத் தனியே சுழலாமல் பிடிக்கும் டிஃபரன்ஷியலும், பின்பக்கச் சாய்வைக் குறைக்கும் கம்பியும் அதில் இல்லை. மாரியில் வீதியோரம் மணலும் தண்ணீரும் கலந்து கிடக்கும் இந்த ஊரில், பின்சில்லு தள்ளும் காருக்கு அந்த டிஃபரன்ஷியல் வேண்டும். சின்ன எஞ்சினை எடுப்பதற்கும் எல்லாவற்றிலும் குறைந்ததை எடுப்பதற்கும் தூரம் அதிகம். பட்டியலின் இரு முனைகளையும் பார்த்துவிட்டு நடுவை மறந்துபோகிறவர்கள் நிறைய. 2021 டிசம்பருக்குப் பின் வந்தவற்றில் வளைவில் உட்பக்கப் பின்சில்லுக்கு மெல்ல பிரேக் கொடுத்து உடலைத் தாழ்த்தி வைக்கும் ஏற்பாடும் சேர்ந்திருக்கிறது. மூன்று வயதுக்குள் தேடினால் அது தானாகவே கிடைத்துவிடும்.

அவருடைய நடுக்கடல் நினைப்புக்கு என்னிடம் ஒரு பதில்தான் இருந்தது. மஸ்டாவே 2021 இறுதியில் அந்த 990 கிலோக் காரை எடுத்து, இலகுவான ரேய்ஸ் சில்லும் முன்பக்கம் பிரெம்போ பிரேக்கும் பூட்டி, 990எஸ் என்று தனியாக வெளியிட்டது. எஞ்சின் வலுவை ஒரு குதிரைகூடக் கூட்டவில்லை. 184 குதிரைவலு எஞ்சின் கையில் இருக்கும்போதே அப்படிச் செய்தார்கள். இதைக் கேட்டு அவர் சிரித்தார், சமாதானமானாரா என்று சொல்ல முடியாது. இரண்டு நாள் கழித்து முற்பணம் கட்டிய ரசீதை அனுப்பியபோது 1.5 என்றிருந்தது.

கொட்டகைக்குத் தூண் நட்டாயிற்று. டயர் விடயம் மட்டும் மிச்சம். இந்தக் காரில் உதிரிச் சில்லு கிடையாது, ஓட்டை அடைக்கும் திரவமும் காற்றடிக்கும் சிறு பம்பும்தான். அது ஆணி ஓட்டைக்குச் சரி, குழியில் விழுந்து பக்கவாட்டுக் கிழிந்தால் உதவாது. 195/50ஆர்16 அளவை ஊர்க் கடைகளில் கேட்டவுடன் எடுத்துத் தருவார்கள் என்று நான் நம்பவில்லை. கொழும்பிலிருந்து இரண்டு டயர் முன்கூட்டியே எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.